பார்த்தேன் என்று சொன்னேன்

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யாராவது வந்தால் 'வாங்க' என்று கேட்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டு 'எல்லாரும் வாங்க' என்றால் அது செல்லாது. ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். வீட்டுக்காரர் கேட்டால் மட்டும் போதாது, வீட்டுக்காரியும் கேட்க வேண்டும். பத்துப் பேர் வந்தால் பத்து 'வாங்க'. வந்தவர் தானாக முதலில் வாயைத் திறக்க மாட்டார், கேட்கட்டும் என்று நிற்பார். 'என்னை வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கல' என்று பந்தியில் உட்காராமல் எழுந்து போனவர்களையும், அதோடு ஆயுசுக்கும் பேச்சை நிறுத்தியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இளவயதில் இதையெல்லாம் கேலி செய்திருக்கிறேன். டீச்சருக்குப் படித்தவள் அல்லவா, எல்லாவற்றிலும் எனக்கு ஒரு நக்கல் உண்டு.

அப்படிப்பட்ட ஊரில், என் மகளுடைய நிச்சயதார்த்தத்தன்று, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நின்ற என் அண்ணனை நான் 'வாங்க' என்று கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் என் கண். அதற்குப் பிறகு நான் செய்ததற்குக் கண் காரணமில்லை. அதை இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் கை கூசுகிறது.

எண்பதுகளின் நடுவில் எனக்கு நாற்பத்தொரு வயது. பென்னாகரம் போகிற ரோட்டில் ஒரு கிராமத்தில், மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் வீட்டுக்காரர் கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர். எங்களுக்கு ஒரே மகள். பத்து வருஷமாக எனக்குச் சக்கரை வியாதி இருந்தது. அது என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். மாத்திரையைச் சமையலறையில் வெந்தய டப்பாவுக்குள் வைத்திருந்தேன். யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் கொடுக்கிற காப்பியைச் சக்கரையோடு குடித்துவிடுவேன். 'எனக்குச் சக்கரை வேண்டாம்' என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்த நாள் ஊரெல்லாம் பேச்சு வரும். நான் அடுத்தவர்களைக் குறை சொல்லிப் பழகியவள். என்னை யாரும் 'பாவம்' என்று சொல்லிவிடக் கூடாது.

அந்த வருஷம் பொங்கல் முடிந்து மகளுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. பையன் தருமபுரியில் அரசாங்க வேலை. அவனுடைய அம்மா விதவை, சாந்தமான பெண்மணி. பெண் பார்க்க வந்தபோது என்னைத் தனியாகப் பின்பக்கம் அழைத்துப்போய் ஒன்று கேட்டார்.

"டீச்சரம்மா, தப்பா நெனக்காதீங்க. எங்க வூட்டுக்காரரு சக்கரையிலதான் போனாரு. மொதல்ல கண்ணு போச்சு, அப்புறம் காலை எடுத்தாங்க. பத்து வருஷம் நான் பட்ட பாடு எம் மவனும் படக்கூடாது. உங்க குடும்பத்துல யாருக்காச்சும் சக்கரை இருக்குதுங்களா?"

"அய்யோ, எங்க வம்சத்துலயே கெடையாதுங்க" என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. அன்று அவர் கேட்டதில் எந்தத் தப்பும் இல்லை, என் பதிலில்தான் எல்லாத் தப்பும் இருந்தது.

இரண்டு வாரத்தில் என் இடது கண்ணில் கறுப்பு நூல் ஒன்று மிதக்க ஆரம்பித்தது. பெங்களூரில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சக்கரையால் கண்ணுக்குள் ரத்தக்குழாய் கசிகிறது, இரண்டு கண்ணுக்கும் லேசர் வைக்க வேண்டும், மூன்று தடவை வர வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் உறவினர் கல்யாணம் என்று சொல்லி லீவு போட்டேன்.

கண் ஆபரேஷன் என்றதும் கத்தி, கட்டு என்று நினைத்து நடுங்கிப்போயிருந்தேன். கத்தியே இல்லை. இருட்டறையில் ஒரு மெஷின் முன்னால் உட்காரவைத்து, தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னார்கள். கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, அதன் மேல் ஒரு கண்ணாடிக் குமிழை வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு பளிச் பளிச்சென்று பச்சை வெளிச்சம், நூற்றுக்கணக்கில். சிலது ஒன்றும் தெரியாது. சிலது கண்ணுக்குப் பின்னால் ஊசி குத்தினாற்போல் சுருக்கென்றது. முடிந்து எழுந்தபோது எல்லாமே நாவல்பழச் சாற்றில் முக்கி எடுத்த நிறத்தில் இருந்தன. நர்ஸின் வெள்ளை உடுப்பு, சுவர், என் வீட்டுக்காரரின் சட்டை எல்லாம் ஒரே ஊதா. பயத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் கன்னடம் கலந்த தமிழில் பொறுமையாகச் சொன்னார். "இந்தக் கலர் இப்போ போயிடும்மா. ஆனா நடுப் பார்வையக் காப்பாத்தறதுக்கு நாங்க ஓரத்தைச் சுடறோம். அதனால பக்கவாட்டுல நிக்கறது தெரியாம போகலாம். வெயில்லருந்து இருட்டுக்குள்ள போனா கண்ணு பழக நேரமாகும். வீட்டுல, வெளியில எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க. அவங்க பாத்துக்குவாங்க."

சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டேன். தலையைத் தாழ்த்திக் குனியாதே என்றார், குனியவில்லை. இரண்டு தலையணை வைத்துப் படு என்றார், படுத்தேன். கடைசியில் சொன்னதை மட்டும் செய்யவில்லை.

ஊதா நிறம் கால் மணி நேரத்தில் போய்விட்டது. மற்றவை போகவில்லை. வானத்தைப் பார்த்தால் கேழ்வரகை அள்ளி இறைத்த மாதிரி புள்ளிகள். நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் பிடிபடாமல், நீலப் புடவைக்குப் பச்சை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். "என்ன டீச்சர், புது ஃபேஷனா?" என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சிரித்தார்கள். "ஆமா, உங்களுக்கெல்லாம் எங்க புரியப்போவுது" என்று நானும் சேர்ந்து சிரித்தேன். வெயில் கூசியதால் கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு, மெட்ராஸ் ஐ என்று சொல்லிவிட்டேன். அது நல்ல பொய்யாக அமைந்தது. ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து யாரும் என் கண்ணை உற்றுப் பார்க்கவில்லை.

வகுப்பில்தான் முதலில் மானம் போனது. ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தே பிள்ளைகளை அடக்கியவள் நான். இப்போது அந்த ஓரக்கண் இல்லை. பக்கவாட்டு வரிசையில் உட்கார்ந்த வாண்டுகள் இதை இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டன. நான் நடுவில் நின்று பாடம் நடத்த, அவர்கள் இரண்டு பக்கமும் வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்திருக்கிறார்கள். மாலையில் வகுப்பைக் கூட்டிய ஆயா கடலைத் தோலைக் குவித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது. மறுநாள் ஓரத்தில் உட்கார்ந்த எல்லாரையும் முட்டி போடவைத்தேன். தின்னாத பிள்ளைகளும் அதில் இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெயிலிலிருந்து கோயிலுக்குள் நுழைந்து, பாயில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் கையை மிதித்துவிட்டேன். அவள் 'அம்மா' என்று அலறினாள். அதிலிருந்து கூட்டம் வருவதற்கு முன்பே போய் உட்கார்ந்துகொள்வேன், கண் இருட்டுக்குப் பழகட்டும் என்று. ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் அது, டீச்சருக்குப் பக்தி முற்றிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேரையும் வாங்கிக்கொண்டேன்.

இனி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் என்னைவிட ஏழு வயது மூத்தவர். தொப்பூர்ப் பக்கம் எங்கள் பூர்வீகக் காட்டைப் பார்த்துக்கொண்டு விவசாயம் செய்தார். அதிகம் பேச மாட்டார். எனக்கு எத்தனை வயதானாலும் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் அம்மாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் பார்வை மங்கிப்போனது. வயதாகிவிட்டது, அதனால்தான் என்று நினைத்தோம், சக்கரை என்று யாரும் பரிசோதிக்கவில்லை. ஞாயிறுதோறும் அம்மாவின் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனவர் அண்ணன்தான். நான் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தேன்.

அம்மாவுக்குப் பின்னால் அப்பா இறந்தார். அண்ணன் எனக்குச் சொல்லி அனுப்பியது ஒரு பஸ் கண்டக்டர் மூலம். அந்த ஆள் மறந்துபோய், அடுத்த நடையில்தான் சேதி சொன்னான். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவைப் புதைத்து மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்தால் கண்மண் தெரியாது. கல்லறைத் தோட்டத்தில் அத்தனை பேர் முன்னால் அண்ணனைப் பார்த்து, "அப்பா மொகத்த எனக்குக் காட்டாம பண்ணிட்டீங்க. இனிமே எம் மூஞ்சியில முழிக்காதீங்க" என்று கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதோடு ஆறு வருஷம் போக்குவரத்து இல்லை.

லேசர் வைத்துக்கொண்ட அந்தத் தபசு காலத்தில், கோயில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். "மகள் கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணனோட சமாதானம் ஆயிடும்மா, அதுதான் உனக்கு அபராதம்" என்றார் சாமியார். வீட்டுக்கு வந்து கடிதம் எழுதினேன். எழுத்துகள் நெளிந்து நெளிந்து தெரிந்ததால், நான்கு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. 'பாப்பா பேசியதை மறந்துவிடுங்கள். தாய்மாமன் இல்லாமல் என் மகளுக்கு நிச்சயம் நடக்கக் கூடாது. அண்ணியோடு வாருங்கள்' என்று எழுதினேன். பதில் வரவில்லை. ஆனால் வருவார் என்று தெரியும்.

ஈஸ்டர் முடிந்து நிச்சயம் வைத்தோம். வெயில் வெளுத்து வாங்கியது. வாசலில் பந்தல், பந்தலுக்குப் பக்கத்தில் சமையல் கொட்டாய். சூடு தாங்காமல் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களை உள்ளே கூடத்தில் உட்காரவைத்திருந்தோம். எங்கள் கூடத்துக்கு ஒரே ஒரு ஜன்னல். விசேஷ நாளில் கறுப்புக் கண்ணாடி போட முடியாது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, வெயிலில் கொட்டாய்க்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன்.

நான் கொட்டாயில் இருந்தபோது அண்ணனும் அண்ணியும் வந்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் "வாங்க மச்சான், வாங்கக்கா" என்று கேட்டு உள்ளே அழைத்துப்போய், அண்ணி பெண்கள் பக்கம் போக, அண்ணனைக் கதவை ஒட்டியிருந்த பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறார். என்னைக் கூப்பிடத் திரும்பியவர், சாமியார் வந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு ரோட்டுக்கு ஓடிவிட்டார்.

நான் காப்பித் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தேன். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. எதிரே சம்பந்தியம்மாவின் வெள்ளைப் புடவை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அதைக் குறிவைத்து, நிலைப்படியைக் காலால் தடவித் தாண்டி, நேரே நடந்தேன். கதவோரம் அண்ணன் எழுந்து நின்றிருக்கிறார். ஆறு வருஷத்துக்குப் பிறகு வந்த மூத்தவர், தங்கைக்காக எழுந்து நின்றிருக்கிறார். நான் அவரைத் தாண்டிப் போய், சம்பந்தியம்மாவையும் பக்கத்தில் இருந்தவர்களையும் ஒவ்வொருவராக "வாங்க, வாங்க" என்று கேட்டேன். பார்த்துப் பார்த்துக் கேட்டேன், ஒருவர்கூட விட்டுப்போகக் கூடாது என்று. டம்ளரை ஸ்டூலில் வைத்தபோது பாதி வெளியே நின்று சரியப் பார்த்தது. சம்பந்தியம்மா சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"என்னங்க டீச்சரம்மா, கண்ணு ஒரு மாதிரி இருக்குதே?" என்றார்.

"மெட்ராஸ் ஐ வந்துச்சுங்க, இப்பத்தான் ஆறுது" என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவருக்குக் கண் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். எனக்கு வேர்த்துவிட்டது.

அவசரமாகத் திரும்பினேன். கதவு வழியே வந்த வெயில் கண்ணில் அடித்தது. வழியில் யாரோ ஆண் நிற்பது நிழலாகத் தெரிந்தது. பந்தல்காரன் என்று நினைத்தேன். இருந்த படபடப்பில், "வழிய மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க, ஓரமா போங்க" என்று எரிந்து விழுந்தேன். அந்த நிழல் ஒதுங்கி வழிவிட்டது. நான் வெளியே போய்விட்டேன்.

மறுபடி உள்ளே வந்தபோது கூடம் சத்தமில்லாமல் இருந்தது. ஒரு நிமிஷம் நின்று கண்ணைப் பழக்கினேன். எனக்கு நேர் எதிரே அண்ணி வந்து நின்றாள். நடுவில் நின்றதால் முகம் நன்றாகத் தெரிந்தது. "வாங்க அண்ணி!" என்று கையைப் பிடிக்கப் போனேன். அவள் கையைக் கொடுக்கவில்லை.

"உங்கண்ணன் இங்கதான் நின்னாரு. ரெண்டு தடவ தாண்டிப் போன. ஓரமா போன்னு வேற சொன்ன. நீ அவர பாத்தியா, பாக்கலியா? அத மட்டும் சொல்லு பாப்பா, போதும்."

அந்த நிழல் யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணி அதட்டிக் கேட்கவில்லை, கெஞ்சுகிற மாதிரித்தான் கேட்டாள். அது ஏன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. 'பாக்கல அண்ணி' என்று இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் பட்டப்பகலில், கையெட்டும் தூரத்தில் நின்ற சொந்த அண்ணனைப் பார்க்கவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அந்தக் கூடத்தில் ஒருவருக்குத் தெரியும். சம்பந்தியம்மா காப்பியைக் குடிக்காமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேன்" என்றேன். "பாத்துட்டுத்தான் போனேன்."

அதோடு நிறுத்தவில்லை. நம்ப வேண்டுமே. என் பழைய கோபத்தைக் குரலில் வரவழைத்துக்கொண்டு, "அப்பா மொகத்த எனக்குக் காட்டாதவரு மொகத்த நான் எதுக்குப் பாக்கணும்?" என்றும் சொன்னேன். அது நடிப்பு. ஆனால் நன்றாக வந்தது.

அண்ணி வெளியே போனாள். சம்பந்தியம்மா பெருமூச்சு விட்டு, "கூடப்பொறந்தவங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும், விடுங்க" என்று காப்பியை எடுத்துக் குடித்தார். என் பேரில் இருந்த சந்தேகம் அவருக்குப் போய்விட்டது. எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. நிச்சயம் நல்லபடியாக நடந்தது. நானும் அவர்களோடு உட்கார்ந்து பாயசம் குடித்தேன்.

கடிதம் போட்டு வரவழைத்து அவமானப்படுத்தி அனுப்பினாள் என்று உறவெல்லாம் பேசியது. என் வீட்டுக்காரர் அன்று என்னைத் திட்டவில்லை. "நாளைக்கே போய்ச் சொல்லிடலாம், மச்சான் புரிஞ்சுக்குவாரு" என்றார். கல்யாணம் முடியட்டும் என்றேன். கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர்ப் புடவையையும் மாலையையும் அண்ணி மட்டும் கொண்டுவந்து, கோயில் வாசலில் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் போனாள். "மாமா ஏம்மா வரல?" என்று மகள் அழுதாள். "உங்க மாமாவுக்கு வீராப்பு" என்றேன். இதையும் சொன்ன வாய்தான் இது.

பாவசங்கீர்த்தனத்தில் 'பொய் சொன்னேன்' என்று மட்டும் சொன்னேன். "அதனால யாருக்காவது பாதிப்பு உண்டா?" என்று சாமியார் கேட்டார். "இல்லைங்க சாமி" என்றேன்.

இரண்டு வருஷம் போனது. மகளுக்குக் குழந்தை பிறந்து, ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள். அண்ணனைக் கூப்பிட வேண்டும் என்று மெல்ல ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "இந்தத் தடவ நீயே போ. தனியாப் போ. நான் வந்தா என்னைப் பேசவிட்டு நீ பின்னால நின்னுக்குவ" என்றார். அதில் பொய்யில்லை.

தொப்பூர் பஸ்ஸில் போய், அண்ணன் காட்டுக்கு எதிரே இறங்கினேன். காலை பத்து மணி இருக்கும். பெங்களூர் ரோடு, கணவாய் இறங்கி வருகிற லாரிகள். நான் ரோட்டைக் கடக்க வேண்டும். வலப்பக்கம் தலையை முழுக்கத் திருப்பிப் பார்த்து, இடப்பக்கம் திருப்புவதற்குள் வலப்பக்கம் ஒரு லாரி அலறியது. காலை எடுத்து வைப்பதும் பின்வாங்குவதுமாக எத்தனை நேரம் நின்றேனோ தெரியாது.

"அங்கயே நில்லு! அசையாத!"

எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் வந்தது. எட்டு வருஷத்தில் அண்ணன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். லாரிகளுக்குக் கையைக் காட்டி என்னைக் கூட்டிப்போனார். வீட்டு வாசல் படலைத் திறந்து நான் உள்ளே கால் வைத்த பிறகுதான் கையை விட்டார். என் முகத்துக்கு நேரே வந்து நின்று, "வா பாப்பா" என்றார்.

நான் அழுதேன். வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சக்கரை, பச்சை வெளிச்சம், ஓரம் போனது, வெள்ளைப் புடவையைக் குறிவைத்து நடந்தது எல்லாம். "சத்தியமா நான் உங்கள பாக்கலண்ணா" என்றேன்.

"தெரியும்" என்றார்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்கு நீ நெலைப்படிய காலால தடவித் தாண்டுன பாரு, அப்பவே தெரிஞ்சுபோச்சு. நம்ம அம்மா அப்படித்தான் தாண்டும். தலைய முழுசாத் திருப்பித்தான் பாக்கும். பாப்பாவுக்கும் அதே கண்ணு வந்துடுச்சின்னு நெஞ்சே அடைச்சுப்போச்சு. அதான் உங்கண்ணிய உட்டுக் கேக்கச் சொன்னேன். பாக்கலன்னு சொல்லிட்டா உள்ள வந்து உன் கையப் புடிச்சுக்கலாம்னு ஜன்னலுக்கு அந்தாண்டதான் நின்னுட்டிருந்தேன்."

அவர் ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறார். நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"அப்புறமும் ஏண்ணா என்னை நம்புனீங்க? பொய்யின்னு தெரியலியா?"

"உனக்கு வாய்தான் நீளம், பொய் பேச மாட்டியே பாப்பா. சின்னதுலருந்து நீ பொய் சொல்லி நான் பாத்ததில்ல. பாத்தேன்னு சொன்னா பாத்திருப்பன்னு நெனச்சேன். நான்தான் கண்ணத் தப்பா நெனச்சிட்டேன்னு வந்துட்டேன்."

அதில் குத்தல் இல்லை. உள்ளபடிச் சொன்னார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அண்ணி காப்பி கொண்டுவந்தாள். "சக்கரை போடல" என்று முதலிலேயே சொல்லிக் கொடுத்தாள். ஞானஸ்நானத்துக்கு வருவதாக இருவரும் சொன்னார்கள். எட்டு வருஷப் பாரம் இறங்கிய மாதிரி இருந்திருக்க வேண்டும். ஆனால் டம்ளரைக் கீழே வைத்ததும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"அண்ணா, இத நம்ம சொந்தத்துல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சம்பந்தி வூட்டுக்கு இன்னும் தெரியாது."

அண்ணி என்னை வெறித்துப் பார்த்தாள். உறவெல்லாம் அண்ணனை வீராப்புக்காரர் என்று பேசிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். அந்தப் பேர் யாரால் வந்தது என்பதும் தெரியும். அண்ணன் காலி டம்ளரை எடுத்து அண்ணியிடம் கொடுத்தார். பிறகு, "சொல்லல" என்றார்.

சாயங்காலம் பஸ் ஏற்ற அவரே வந்தார். மறுபடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ரோட்டோரமாக நடந்தோம், லாரிச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. திடீரென்று அண்ணன் நின்றார். தலையைத் திருப்பிப் பார்த்தேன். என் இடப்பக்கம், மூன்றடி தூரத்தில், எங்கள் ஊர்க் கோயிலின் பழைய உபதேசியார் இரண்டு கையையும் கூப்பியபடி நின்றுகொண்டிருந்தார். சின்ன வயதில் நான் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு எனக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்தவர். அவரை நான் தாண்டி வந்திருக்கிறேன். அவர் முகம் சுருங்கிப்போயிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் பேசினார்.

"தப்பா நெனக்காதீங்க உபதேசியாரே. பாப்பா வெயில்ல வந்துச்சு, காலையிலருந்து தலை சுத்துதாம். அதான் கவனிக்கல."

பெரியவர் முகம் தெளிந்து, "பாத்துக் கூட்டிட்டுப் போப்பா" என்றார். அண்ணன் பொய் சொல்லி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் அதை ஒரு பாவமாகச் சொல்லியிருப்பார், யாருக்காகச் சொன்னேன் என்பதைச் சொல்லியிருக்க மாட்டார். நான் உபதேசியாரைக் கும்பிட்டுவிட்டு, அண்ணன் சொன்னதைத் திருத்தாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.